பழைய லேப்டாப்புக்கு யார் நாள் குறிப்பது?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து ஊருக்குப் போனால் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிக்கிற பையன்தானே.. கவர்மெண்ட் லேப்டாப்பு இனிமே ஓடாதாமே?" (கம்ப்யூட்டர் படித்தவனுக்கு மிக்சி ரிப்பேரும் தெரிந்திருக்க வேண்டும் என்பது கரியாலூர் நியாயம். அது தனிக் கதை.)

ஓடும். தாராளமாக ஓடும். அக்டோபர் 15-ம் தேதி காலையில் எந்த லேப்டாப்பும் சாகவில்லை. நின்றுபோனது பாதுகாப்பு அப்டேட். புதுசாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இனிமேல் சும்மா அடைத்துத் தரமாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கிற பெரிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. நம் வீட்டில் இருக்கிற, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பொருளுக்கு, "இதன் ஆயுசு இவ்வளவுதான்" என்று நாள் குறிக்கிற உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது?

டிராக்டர் கம்பெனிக்காரன் வந்து "உன் டிராக்டர் பழசு, நாளையிலிருந்து பிரேக்குக்கு உத்தரவாதம் இல்லை, புதுசு வாங்கு" என்றால் விடுவோமா? கம்ப்யூட்டர் என்றால் மட்டும் "அப்படிங்களா சார்" என்று தலையாட்டுகிறோம்.

நான் யாருக்காகப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது அக்கா பிளஸ் டூ முடித்தபோது 2017-ல் அரசு கொடுத்த லேப்டாப். 4 ஜிபி ரேம், சுற்றுகிற பழைய ஹார்டு டிஸ்க். பேட்டரி எப்போதோ படுத்துவிட்டது, கரண்ட் இருந்தால்தான் உயிர். அக்கா டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட்டது அதில். நான் ஸ்காலர்ஷிப்புக்கு எழுதியது அதில். மரவள்ளி விலை பார்ப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பிப்பது, எல்லாமே அதில்தான். போனில் செய்யலாமே என்பீர்கள். ஒரு பாரத்தில் பத்து சான்றிதழை 200 கேபிக்குள் சுருக்கி ஏற்றிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

எங்கள் கல்வராயன் மலைக்கு எல்லாமே கடைசியாகத்தான் வந்து சேரும். ஜாகீர்தார்கள் பிடியிலிருந்து மலை அரசின் கைக்கு வந்ததே 1976-ல்தான். கடைசியாக வந்த பொருள் கடைசிவரை உழைக்க வேண்டும் என்று நாங்கள் நினைப்பதில் என்ன தப்பு?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2011 செப்டம்பர் 15-ம் தேதி ஜெயலலிதா ஆட்சியில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த எட்டொன்பது வருடத்தில் 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப் கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் பெரும்பாலான கிராமங்களில் வீட்டுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் இதுதான். யாரும் மறுக்க முடியாது.

இப்போது விண்டோஸ் 11-ஐப் பாருங்கள். 2021 அக்டோபரில் வந்தது. 4 ஜிபி ரேம் வேண்டும், 64 ஜிபி இடம் வேண்டும் என்பது வரைக்கும் சரி. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். அதற்கும் மேலே, பிராசசர் அவர்கள் போட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்கு நீங்கலாக, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. அந்த எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017 ஆகஸ்டில்தான். அதாவது 2011-லிருந்து 2017-ன் பாதிவரை கொடுத்த அத்தனை இன்டெல் லேப்டாப்பும் ஒரே கோட்டில் வெளியே! ஏஎம்டிக்கும் இதே கதைதான்.

சில பேர் ரூஃபஸ் மாதிரி கருவிகளை வைத்து இந்தச் சோதனையைத் தாண்டி, பழைய கணினியிலேயே விண்டோஸ் 11 போட்டு ஓட்டுகிறார்கள். பல மெஷின்களில் ஓடவும் செய்கிறது. ஆனால் பட்டியலில் இல்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. ஆக, இது "ஓடாது" அல்ல. "ஓட விடமாட்டேன்". இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது மக்களே.

கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு கணக்குச் சொன்னது. விண்டோஸ் 10 முடிவால் உலகம் முழுக்க சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும். 24 கோடி! அதில் எத்தனை மெஷின் நிஜமாகவே கெட்டுப்போனது?

"பழைய இயங்குதளத்தை எத்தனை நாளைக்குப்பா சுமப்பார்கள்? அவர்களுக்கும் செலவு இல்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர்களே இன்னமும் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள்! கம்பெனிகள் காசு கட்டினால் 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் உண்டு. தொழிற்சாலை மெஷின், பில் போடும் மெஷின் மாதிரியானவற்றுக்கென்று விற்கிற விண்டோஸ் 10 ஐஓடி எல்டிஎஸ்சி 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை உண்டு. அடிப்படையில் அதே விண்டோஸ் 10. அதே ஓட்டைகள். அதே ஒட்டுகள். பில் போடும் மெஷினுக்கு 2032 வரை ஆயுசு, படிக்கிற பிள்ளையின் லேப்டாப்புக்கு 2025-ல் கருமாதி. இதைச் செலவு என்று சொன்னால் நம்புகிற அளவுக்கு நாம் வெகுளியா?

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வருடம் தந்தார்களே, 2026 அக்டோபர் வரை? தந்தார்கள். எப்படி? 30 டாலர் கட்டு. இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உன் அமைப்புகளை எங்கள் சர்வரில் பேக்கப் எடு. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் இதற்கு எதிராகச் சத்தம் போட்டன. 2025 செப்டம்பரில் அங்கே மட்டும் காசும் வேண்டாம், பேக்கப்பும் வேண்டாம் என்று இறங்கி வந்தார்கள். அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. நாம் கேட்டோமா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. நல்லவர்கள்தான், ஆனால் கனவு காண்கிறவர்கள். "பொறு தம்பி, அடுத்த விண்டோஸ் லேசா வரும், பழைய சிஸ்டத்துலயும் பறக்கும்" என்பார்கள். கம்பெனியே சொன்ன குறைந்தபட்ச ரேம் கணக்கைப் பாருங்கள். எக்ஸ்பி (2001) 64 எம்பி. விஸ்டா (2007) 512 எம்பி. விண்டோஸ் 7 (2009) 1 ஜிபி, 64-பிட் என்றால் 2 ஜிபி. விண்டோஸ் 10 (2015) அதே 1, 2 ஜிபி. விண்டோஸ் 11 (2021) 4 ஜிபி. இருபது வருடத்தில் 64 மடங்கு. ஒரே ஒரு முறைதான் ஏறாமல் நின்றிருக்கிறது, 7-லிருந்து 10 வரை. இறங்கினது மட்டும் ஒரு தடவைகூட இல்லை. (1 ஜிபியில் விண்டோஸ் 10 ஓட்டியவர்கள் பொறுமையில் புத்தரை மிஞ்சியவர்கள் என்பது வேறு விஷயம்!) புதுக் கணினி விற்றால்தான் புது விண்டோஸும் சேர்ந்து விற்கும். அப்படிப்பட்ட கடையில் போய்ப் பழைய கணினிக்கு மருந்து கேட்டால் எப்படிக் கிடைக்கும்?

அப்படியென்றால் என் வீட்டு லேப்டாப்புக்கு வருங்காலத்தில் எப்படிப்பட்ட இயங்குதளம் வேண்டும்? நானும் ஒரு பட்டியல் போடுகிறேன்.

1. 4 ஜிபி ரேமில் மூச்சுத் திணறாமல் ஓட வேண்டும். கண்ணாடி ஜன்னல், மேலே மிதக்கிற வானிலைச் செய்தி எதுவும் வேண்டாம். கரியாலூரில் மழை பெய்கிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்தால் போதும்.

2. இணையம் இல்லாமலே நிறுவ முடிய வேண்டும். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு முதல்முறை திறக்கும்போதே இணையம் கேட்கிறது, கணக்குக் கேட்கிறது. சிக்னலுக்காக மேடு தேடி ஏறுகிற ஊர்க்காரன் என்ன செய்வான்?

3. அப்டேட்டை ஒருவர் தரவிறக்கம் செய்தால் பென் டிரைவில் பத்துப் பேர் எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். விண்டோஸ் 11 நிறுவுகிற கோப்பே 5 ஜிபிக்கு மேல். எங்கள் சிக்னலுக்கு அது ஒரு வாரச் சமாச்சாரம்.

4. தமிழ் அதன் உள்ளேயே இருக்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டு கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதைத் தனியாகத் தேடிப் போட்டுக்கொள்கிற நிலை இருக்கக் கூடாது.

5. பாதுகாப்பு அப்டேட் பத்து வருடத்துக்காவது உறுதியாக வேண்டும். ஒரு கம்பெனி மனம் மாறினாலும் இன்னொருவர் எடுத்துத் தொடர வழி இருக்க வேண்டும்.

இதில் எதுவும் நிலாவைக் கேட்பதல்ல. முக்கால்வாசி இப்போதே இருக்கிறது. 1993-ல் தொடங்கி, தன்னார்வலர்கள் கட்டிக்காக்கிற டெபியன் லினக்ஸின் 13-வது பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. 64-பிட் பிராசசர் இருந்தால் போதும், 2011 லேப்டாப்பிலும் நிறுவலாம். 2030 ஜூன் வரை பாதுகாப்பு ஒட்டுகள் வரும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி மாதிரி லேசான மேசைத்தளத்தோடு போட்டால் 4 ஜிபியில் நிம்மதியாக ஓடும். 32-பிட் மட்டுமே தெரிந்த கிழட்டு மெஷின் என்றால் 12-வது பதிப்பு, அதற்கும் 2028 ஜூன் வரை நேரம் இருக்கிறது. காசு? ஒரு பைசா கிடையாது.

இதிலே இன்னொரு வேடிக்கை. 2011-லிருந்து கொடுத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ். அது டெபியன் வீட்டுப் பிள்ளைதான்! நாம் என்ன செய்தோம்? லேப்டாப் கைக்கு வந்த வாரமே கடைக்குப் போய் பார்மட் அடித்து, திருட்டு விண்டோஸ் போட்டு, "எல்லா சாப்ட்வேரும் போட்டாச்சு" என்று சந்தோஷப்பட்டோம். வீட்டிலேயே கிணறு இருக்க, மண்ணைப் போட்டு மூடிவிட்டுக் குடத்தோடு அலைகிறோம்.

"அது யாருக்கும் பிடிக்கலைப்பா, கஷ்டமா இருந்தது" என்பார்கள். கஷ்டமாக இருந்தது உண்மை. ஏன் என்று யோசித்தீர்களா? யாரும் சொல்லித்தரவில்லை. கோளாறு வந்தால் கேட்க ஆள் இல்லை. பாடம் நடந்த லேபில் இருந்தது விண்டோஸ். 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். உபுண்டு பாடமாகவே இருக்கிறது. ஓபன் ஆபிஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் எல்லாம் இருக்கிறது. புத்தகத்தில் படிக்கிறோம், ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறோம், வீட்டுக்கு வந்து வேறு ஒன்றை ஓட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் முடியாது என்கிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 2000-களின் பிற்பகுதியில், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண் இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனமே தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பின்னாளில் லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கிக் கொடுத்ததும் இதே எல்காட்தான். பக்கத்து கேரளாவைப் பாருங்கள். பள்ளிக் கணினிகளில் பல வருடமாகச் சுதந்திர மென்பொருள்தான். 2019-ல் இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளுக்குப் புதுப் பதிப்பு கொடுத்தபோது, உரிமக் கட்டணத்தில் மட்டும் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த மாநிலத்தின் கைட் நிறுவனம் கணக்குச் சொன்னது. அவர்கள் சிடியைக் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடத்தையும் அதிலேயே வைத்தார்கள். வித்தியாசம் அங்கேதான்.

எதிர்வாதங்களையும் மறைக்காமல் பார்த்துவிடுவோம்.

டிபிஎம் நல்லதுதானே? நல்லதுதான். சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற பெட்டி அது. ஆனால் பெட்டி இல்லாத வீட்டுக்குப் பூட்டே தரமாட்டேன் என்பது என்ன பாதுகாப்பு? அப்டேட் நின்ற விண்டோஸ் 10-ஐ லட்சக்கணக்கானவர்கள் அப்படியே ஓட்டப் போகிறார்கள். பாதுகாப்பின் பெயரால் ஒரு பெரிய கூட்டத்தைப் பாதுகாப்பில்லாமல் விடுவது எந்த ஊர் நியாயம்?

லினக்ஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. சில பிரிண்டர் முரண்டு பிடிக்கும். டாலி வேண்டும், போட்டோஷாப் வேண்டும் என்பவர்களுக்குச் சிக்கல்தான். இன்னொரு உண்மையும் உண்டு. இன்றைக்கு ரேமைத் தின்கிற பகாசுரன் பிரவுசர். நாலு டேப் திறந்தால் எந்த இயங்குதளமாக இருந்தாலும் 4 ஜிபி தத்தளிக்கும். அதற்கு மருந்து இயங்குதளத்தில் இல்லை, இணையதளம் செய்கிறவர்கள் கையில் இருக்கிறது. ஒரு விண்ணப்பப் படிவத்துக்கு எதற்கு ஓடுகிற படமும் ஆடுகிற எழுத்தும்? அரசு இணையதளங்களாவது ஒல்லியாக இருக்கலாம். ஏழைக்கென்று திட்டம் போட்டுவிட்டு, விண்ணப்பிக்க 8 ஜிபி கேட்பது எந்த வகையில் சரி?

பழசைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும், புதுசு தருகிறார்களே? 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்து, முதல் கட்டமாக 2,000 கோடி ஒதுக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். எந்த அரசு வாங்கினாலும், எத்தனை ஜிபி ரேம், எத்தனை அங்குலத் திரை என்று பார்த்துப் பார்த்து டெண்டர் எழுதுகிறார்களே, "இந்தக் கணினிக்கு எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவாய்" என்று அதே கறாரோடு ஒரு வரி எழுதினால் என்ன? லட்சக்கணக்கில் வாங்குகிறவன் கேட்டால் எந்தக் கம்பெனியும் காது கொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஸ்மார்ட்போன்களுக்கு அப்படி ஒரு விதியே கொண்டுவந்துவிட்டது. ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருடம் இயங்குதள அப்டேட் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டின் 2022 மின்கழிவு விதிகள் உடைந்த பொருளை யார் மறுசுழற்சி செய்வது என்று சொல்கின்றன. உடையாத பொருளை யார் குப்பையாக்குகிறார்கள் என்று கேட்பதில்லை.

ஆகவே என் கோரிக்கை மூன்றே மூன்று. ஒன்று, மக்கள் பணத்தில் வாங்குகிற எந்தக் கணினிக்கும் பத்து வருட மென்பொருள் ஆயுசு டெண்டரிலேயே எழுதப்பட வேண்டும். இரண்டு, ஏற்கெனவே கொடுத்த லேப்டாப்புகளுக்காகத் தமிழோடு கூடிய லேசான ஒரு இயங்குதளத்தை அரசே தயாராக வைத்திருக்க வேண்டும். புதிதாகச் செய்ய வேண்டியதில்லை, டெபியனும் பாஸும் இருக்கின்றன. தமிழாக்கத்துக்கும் கணியம் மாதிரி 2012-லிருந்து கைக்காசு போட்டு எழுதுகிற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். மூன்று, அதைப் போட்டுக்கொடுக்க ஆள் வேண்டும். வெள்ளிமலையில் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு வகுப்பறை, பத்து பென் டிரைவ், நாலு கணினி மாணவர்கள் போதும். கச்சிராயபாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி போய், கடைக்காரர் "இது வேலைக்கு ஆகாது, எக்ஸ்சேஞ்சில் போடுங்க" என்று சொல்வதைக் கேட்டுத் திரும்புகிற பஸ் காசாவது மிஞ்சும்.

அரசு செய்கிறவரை காத்திருக்கவும் வேண்டாம். கணினி படிக்கிற மாணவன் ஒவ்வொருவனும் தன் ஊரில் ஒரு லேப்டாப்புக்கு இதைச் செய்து கொடுக்கலாம். முதலில் பைல்களை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். பிறகு நிறுவாமலே பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றும் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட முடிந்தால் இன்னும் நல்லது, பழைய மெஷினுக்கு அதைவிடப் பெரிய டானிக் கிடையாது. அப்புறம் முக்கியமாக, போட்டுக்கொடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். பாஸ் தோற்றது அங்கேதான். ஒரு மாதம் கூட இருந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

மெஷின் கெட்டால் தூக்கிப் போடுவோம், அதில் தகராறு இல்லை. கெட்டதா இல்லையா என்பதைக் கம்பெனியின் காலண்டர் சொல்லக் கூடாது. அதை வைத்துச் சோறு தின்கிறவன், படிக்கிறவன், விண்ணப்பம் போடுகிறவன் சொல்லட்டும்.